வைஃபை மாறினாலும் அழைப்பு வந்து சேர: தோட்டப்புறத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியத் தோட்டப்புறத்துக்கு மாற்றலாகி வரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தாதியர், தோட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேரும் கிராணிமார், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பும் பிள்ளைகள் என எல்லாரும் வந்த சில வாரங்களில் சொல்லும் குறை ஒன்றுதான். கைப்பேசி கையிலேயே இருந்தது, ஆனால் கூப்பிட்டவருக்கு லைன் கிடைக்கவில்லை என்பார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையை ஒட்டிய தோட்டம் ஒன்றில் குடியிருந்துகொண்டு, ஈப்போ பெரிய மருத்துவமனையிலிருந்து அம்மாவுக்காக வரும் அழைப்புகளைத் தவறவிடக் கூடாது என்ற கட்டாயத்தில், இதை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க எனக்கு நெடுநாள் பிடித்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். சிக்னல் கோடுகள் நிறைய இருப்பதும், நீங்கள் தொடர்புக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. வீட்டு வைஃபையிலிருந்து இறங்கி 4ஜிக்கு மாறும்போதும், அங்கிருந்து அலுவலக வைஃபையில் ஏறும்போதும் உங்கள் கைப்பேசியின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், மாறிவிடுகிறது. ஒரு தொழிலாளி லயத்தில் வீடு மாறினாலும் அவருக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும்; புதிய வீட்டு எண்ணைக் கிராணிக்குச் சொல்லி வைத்திருந்தால்தான் அது கைக்கு வந்து சேரும். கைப்பேசிக்கும் அப்படி ஒரு கிராணி எங்கோ இருக்கிறார். சாதாரண அழைப்புக்குத் தொலைத்தொடர்பு நிறுவனம், வாட்ஸ்அப்புக்கு அதன் சர்வர், வீட்டுக் கணினிக்கு நீங்களே அமைக்கும் ஒரு நிலையான முகவரி. இடம் மாறிய செய்தி உடனுக்குடன் அவருக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் கீழே வரும் படிகள் எல்லாவற்றின் வேலையும்.

1. சிம் வாங்கும் முன் இடத்தை அளந்து பாருங்கள்

நிறுவனங்கள் வெளியிடும் சேவை வரைபடத்தை நம்பி சிம் வாங்காதீர்கள். அந்த வரைபடம் சாலையோரத்தைப் பற்றிச் சொல்வது சரியாக இருக்கலாம். பள்ளத்தில் இருக்கும் லயத்தின் பின்பக்கச் சமையலறையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அக்கம்பக்கத்தாரிடம் எந்த சிம் என்று கேட்டு, அவர்களின் கைப்பேசியை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். தோட்டத்துச் சனங்கள் இதற்கெல்லாம் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

கோடுகளை எண்ணாமல் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் போய், கைப்பேசி பற்றிய விவரம், சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலு ஓர் எதிர்மறை எண்ணாகத் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் அளவீட்டுத் திரை திறக்கும். 4ஜியில் அந்த எண் -90 அல்லது அதைவிட மேலாக இருந்தால் கவலையில்லை. -105 அளவுக்கு இறங்கினால் பேச்சு விட்டு விட்டு வரும். -115க்குக் கீழே போனால் அந்த இடத்தில் அந்த நிறுவனத்தை நம்ப முடியாது. சமையலறை, வாசல், வேலை பார்க்கும் இடம், பிள்ளைகளின் பள்ளி, போகும் வழியில் உள்ள பள்ளம் ஆகியவற்றில் நின்று, நிறுவனம் வாரியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மழை நாளிலும் ஒரு முறை பாருங்கள். வளர்ந்த செம்பனை நிற்கும் தீம்பாருக்குள் 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை ஓரளவு நுழைந்துவிடும். 2600 மெகாஹெர்ட்ஸ் அலை அவ்வளவு உள்ளே வராது. அதனால்தான் டவுனில் வேகமாக ஓடும் சிம் தோட்டத்துக்குள் வந்ததும் படுத்துவிடுகிறது.

2. ஆவணங்கள், இரண்டு சிம், செலவு

குடிமக்களுக்கு மைகார்டும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கடப்பிதழும் இல்லாமல் சிம் பதிவு செய்ய முடியாது. பதிவு உங்கள் பெயரில்தான் நடக்கிறதா என்பதைக் கடையில் நின்றே உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கே ஒரு கடையில் அவசரத்துக்கு வேறொருவர் பெயரில் பதிவான சிம்மைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற முயன்றபோது பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. பெற்றோரின் சிம் அவர்கள் பெயரில் இருந்தால், மாற்று சிம் எடுக்கவும் அவர்களையே மையத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு சிம் வைத்துக்கொள்வது இங்கே ஆடம்பரம் அல்ல. ஆனால் இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு கோபுரங்களைப் பயன்படுத்துபவையாக இருக்க வேண்டும். சொந்தக் கோபுரம் இல்லாமல் பிற நிறுவனத்தின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு நிறுவனங்கள் நம் நாட்டில் பல உண்டு. செல்கோம்டிஜி சிம் ஒன்றும், அதன் வலையமைப்பிலேயே ஓடும் ரெட்ஒன் சிம் ஒன்றும் வாங்கிவிட்டு இரண்டு வழி இருக்கிறது என்று நம்பினால், ஒரு கோபுரம் பழுதானதும் இரண்டும் சேர்ந்தே போய்விடும். யெஸ் நிறுவனத்துக்கு 2ஜி கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 4ஜி, 5ஜி எட்டாத இடத்தில் அதில் சாதாரண அழைப்புகூட வராது.

முன்கட்டண சிம்மின் விலை பத்து ரிங்கிட்டைச் சுற்றித்தான் இருக்கும். விலையைவிடச் செல்லுபடிக் காலமே முக்கியம். இரண்டாவது சிம்மை யாரும் அடிக்கடி பயன்படுத்துவதில்லை. டோப் அப் செய்ய மறந்து, காலம் முடிந்து, எண்ணே ரத்தாகிவிடும். சிம் போட்ட அன்றே அடுத்த டோப் அப் தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்துவையுங்கள், அல்லது நீண்ட காலம் செல்லும் திட்டம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பின்கட்டணத் திட்டத்திலும் வீட்டு இணையத்திலும் விளம்பர விலைக்கு மேல் 6 விழுக்காடு சேவை வரி வரும்.

பழைய எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறுபவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் பாக்கி இருக்கிறதா, பில் பாக்கி இருக்கிறதா, முன்கட்டணக் கணக்கில் மீதிப் பணம் இருக்கிறதா என்பவையே அவை. மீதிப் பணம் புதிய நிறுவனத்துக்கு உங்களோடு வராது. மாறும் நாளில் சில மணி நேரம் எண் இரண்டுங்கெட்டானாக இருக்கும் என்பதால், மருத்துவமனைத் தவணையோ வங்கி வேலையோ உள்ள வாரத்தில் இதைத் தொடாதீர்கள்.

3. குரல் அழைப்பு: வோல்ட்டீயும் வைஃபை அழைப்பும்

பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் இருக்கின்றன, ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஓர் அழைப்பு உங்களிடம் வர வழிகள் சிலவே உள்ளன. 4ஜி வழியாகவே குரல் வரும் வோல்ட்டீ ஒன்று. அது இல்லாவிட்டால் பழைய 2ஜி. மூன்றாவது, வீட்டு இணையத்தின் வழியாக நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழையும் வைஃபை அழைப்பு. வோல்ட்டீ இயங்காத கைப்பேசியில் இணையம் 4ஜியில் ஓடிக்கொண்டிருக்கும். அழைப்பு வந்தால் மட்டும் 2ஜிக்கு இறங்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் 2ஜி வலுவில்லை என்றால் அழைத்தவருக்கு நீங்கள் இல்லாத ஆள்தான். வாட்ஸ்அப் வருகிறது, அழைப்பு மட்டும் வரவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு இதுவே காரணம்.

முதலில் சிம் அமைப்புகளில் வோல்ட்டீயை இயக்குங்கள். அந்தத் தேர்வே தென்படவில்லை என்றால், கைப்பேசி வெளிநாட்டில் வாங்கியதாக இருக்கலாம், அல்லது உங்கள் நிறுவனம் அந்த மாடலுக்கு அனுமதி தராமல் இருக்கலாம். வாங்கும் முன்பே மாடல் பெயரைச் சொல்லி, வோல்ட்டீயும் வைஃபை அழைப்பும் இரண்டும் உங்கள் சிம்மில் இயங்குமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். கைப்பேசிக் கடைக்காரரின் தலையாட்டல் இதற்குப் போதாது.

அடுத்து, அதே இடத்தில் வைஃபை அழைப்பை இயக்கி, முன்னுரிமை கேட்டால் வைஃபைக்கே கொடுங்கள். கைப்பேசி வலையமைப்புக்கு முன்னுரிமை கொடுத்திருந்தால், வீட்டுக்குள் ஒற்றைக் கோடு சிக்னலைப் பிடித்துக்கொண்டு அது தொங்கிக்கொண்டிருக்கும்; பக்கத்திலேயே நல்ல வைஃபை இருந்தும் அழைப்பு வராது. இயக்கிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். விமானப் பயண முறையைப் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, ஓரிரு நிமிடம் கழித்து வேறொருவரை உங்கள் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். மணி அடித்தால் வேலை முடிந்தது. உள்நாட்டில் இந்த அழைப்புகள் பொதுவாக உங்கள் திட்டத்தின் வழக்கமான கட்டணத்திலேயே வரும் என்றாலும், உங்கள் திட்டத்துக்கு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசிக்கொண்டே வாசலைத் தாண்டும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வைஃபை அழைப்பின்போது உங்கள் கைப்பேசி இணையத்தின் வழியாக நிறுவனத்தின் நுழைவாயில் வரைக்கும் ஒரு மறையாக்கப்பட்ட குழாயை அமைக்கிறது. அழைப்புக்கான முகவரியை நிறுவனமே தன் பக்கத்தில் பிடித்துவைத்திருப்பதால், வெளியே 4ஜி இருந்து வோல்ட்டீயும் இயங்கினால் அழைப்பு அறுபடாமல் அங்கே மாறிவிடும். வெளியே 2ஜி மட்டுமே இருந்தால் பொதுவாக அறுந்துவிடும். ஆகவே வாசலில் நின்று 4ஜி அளவைப் பார்த்துக் குறித்த எண் இங்கே பயன்படும். அது -115க்குக் கீழே என்றால் முக்கியமான அழைப்பை வீட்டுக்குள்ளேயே பேசி முடியுங்கள்.

இன்னொரு பொறி குறுஞ்செய்தி. வைஃபை அழைப்பு இயங்காமல் வெறும் வைஃபை இணையத்தில் மட்டும் இருக்கும் கைப்பேசிக்கு வாட்ஸ்அப் வரும். வங்கியோ அரசுத் தளமோ குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) வராது. எண் வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள்.

அவசர எண் 999ஐ வைஃபை வழியாக அழைக்க நேர்ந்தால், உங்கள் இடம் அவர்களுக்குச் சரியாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, எந்தச் சாலையில் எந்த நுழைவு என்று நீங்களே சொல்ல வேண்டும். மலாயில் இரண்டு வரியாக எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டிவைப்பது வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு உதவும்.

4. வீட்டு வைஃபை ஒரே வலையமைப்பாக இருக்கட்டும்

வீட்டு இணையத்துக்கு விண்ணப்பிக்க மைகார்டும் முகவரிச் சான்றும் தேவை. தோட்ட வீட்டில் மின்சார பில் உங்கள் பெயரில் இருக்காது, வீடும் கம்பெனியுடையது. ஆகவே நிர்வாகியிடமிருந்து, இந்த எண்ணுள்ள வீட்டில் இன்னார் குடியிருக்கிறார், இணைய இணைப்புப் போட ஆட்சேபம் இல்லை என்று கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது. பொருத்த வரும் நாளன்று அது இல்லாததால் ஆட்கள் திரும்பிப்போனதைப் பார்த்திருக்கிறேன். கம்பி இணைப்பே வராத இடம் என்றால் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் வழி. அதை எந்த ஜன்னலோரம் வைப்பது என்பதை முதல் படியில் எடுத்த அளவு சொல்லும்.

லயத்து வீடு நீளமானது. முன்னறையில் ரவுட்டர் இருந்தால் பின்கட்டில் வைஃபை தேய்ந்துவிடும். இதற்காகப் பலரும் மலிவான எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். அது வேறு பெயரில் இரண்டாவது வலையமைப்பு ஒன்றை உண்டாக்குமானால், சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே நடக்கும்போதெல்லாம் தொடர்பு அறுந்து மறுபடி ஒட்டும். அதற்குப் பதில், முன்னறையிலிருந்து கம்பி இழுத்துப் பின்பக்கம் ஓர் அக்சஸ் பாயிண்ட் (அதே வலையமைப்பின் வைஃபையைப் பரப்பும் பெட்டி) வையுங்கள், அல்லது ஒரே வலையமைப்பாக இயங்கும் இரண்டு பெட்டி கொண்ட மெஷ் செட் வாங்குங்கள். கேட் 6 கம்பி மீட்டருக்கு ஓரிரு ரிங்கிட். ஒரே நீளத்தில் 100 மீட்டர் வரை போகலாம். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் வெளிப்புறக் கம்பியாக வாங்குங்கள். மெஷ் செட் சுமார் 300 ரிங்கிட்டிலிருந்து தொடங்கும்.

எதை வாங்கினாலும் அமைக்கும்போது, வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டு பெட்டியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஐபி முகவரி வழங்கும் வேலையை முதன்மை ரவுட்டர் மட்டும் செய்ய வேண்டும். இரண்டாவது பெட்டியை அக்சஸ் பாயிண்ட் முறையில் வைக்க வேண்டும். இரண்டும் ரவுட்டராக ஓடினால் பின்கட்டுக்குப் போனதும் முகவரி மாறும், அழைப்பு போய்விடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11 என்று வேறு வேறு சேனல் கொடுங்கள். வேக ரோமிங் என்று ஒரு தேர்வு இருந்தால் இயக்கிப் பாருங்கள். பழைய கைப்பேசி ஏதாவது இணைய மறுத்தால் அதை நிறுத்திவிடலாம்.

ஒரு பெட்டியை விட்டு இன்னொன்றுக்கு எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது ரவுட்டர் அல்ல, கைப்பேசி. ஐபோன் வைஃபை வலு -70க்கு இறங்கிய பிறகுதான் வேறு பெட்டியைத் தேடவே ஆரம்பிக்கும். இரண்டு பெட்டியையும் நெருக்கமாக வைத்து அலைவலுவையும் உச்சத்துக்கு ஏற்றினால், கைப்பேசி பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டு நிற்கும். அலைவலுவை நடுத்தரத்துக்குக் குறைப்பது பல வீடுகளில் சிக்கலைத் தீர்த்திருக்கிறது, செலவும் இல்லை.

இடி இடித்தால் மோடத்தின் பிளக்கைக் கழற்றுவது நம் வீடுகளில் வழக்கம், அது சரியான வழக்கமும்கூட. ஆனால் கழற்றிய கணத்தில் வைஃபை அழைப்பும் போய்விடுகிறது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். மின்தடைக்கு, ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய மின்கலப் பெட்டி ஒன்று போதும். மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் அதிலிருந்து மின்சாரம் போக வேண்டும். ரவுட்டர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருப்பதால் பயனில்லை.

5. அலுவலக வைஃபையும் கடை வைஃபையும்

தோட்ட அலுவலகம், பள்ளி, கிளினிக் போன்ற இடங்களின் வைஃபையில் ஏறியதும் கைப்பேசி ஊமையாகிவிடுவதாகப் பலர் சொல்கிறார்கள். வைஃபை அழைப்பின் குழாய் யூடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட் வழியாகப் போகிறது. அலுவலக ரவுட்டரில் அவை அடைக்கப்பட்டிருந்தால் இணையம் ஓடும், அழைப்பு வராது. அதுபோல ஆண்ட்ராய்டு அறிவிப்புகள் டிசிபி 5228 முதல் 5230 வரையிலும், ஐபோன் அறிவிப்புகள் 5223 வழியாகவும் வருகின்றன. ரவுட்டரைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வைஃபை சரியில்லை என்று பொதுவாகச் சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

சில அலுவலகங்களில் கருவியின் வன்முகவரியை (மேக் முகவரி) பதிவு செய்துதான் அனுமதிப்பார்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் உண்மையான முகவரிக்குப் பதிலாகத் தற்செயலான ஒன்றைக் காட்டுகின்றன. அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் கைப்பேசியின் சொந்த முகவரியைக் காட்டும்படி மாற்றுங்கள். எல்லா வைஃபைக்கும் மாற்ற வேண்டியதில்லை.

உள்நுழைவுப் பக்கம் காட்டும் கடை வைஃபைகளில் தானாக இணையும் தேர்வை அணைத்துவிடுங்கள். மோட்டாரில் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் கைப்பேசி அதில் ஒட்டிக்கொண்டு, உள்ளே நுழையவும் முடியாமல், 4ஜிக்குத் திரும்பவும் தயங்கி நிற்கும். வைஃபை மோசமானால் மொபைல் டேட்டாவுக்கு மாறும் தேர்வை இயக்கினால் இந்தத் தயக்கம் குறையும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

6. வாட்ஸ்அப் மணி உரிய நேரத்தில் அடிக்க

திரையைத் திறந்ததும் செய்திகள் கொட்டோ கொட்டென்று கொட்டினால், குற்றம் வலையமைப்பில் இல்லை. மின்கலச் சேமிப்பில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் கைப்பேசியின் செயலிகளை அது தூங்க வைக்கிறது. சியோமி, ஒப்போ, விவோ போன்ற கைப்பேசிகளில் அதற்கு மேலும் கட்டுப்பாடுகள் உண்டு. வாட்ஸ்அப்புக்கு மின்கலக் கட்டுப்பாட்டை நீக்கி, தானாகத் தொடங்க அனுமதி கொடுத்து, பின்னணி டேட்டாவையும் திறந்துவிடுங்கள். எல்லாச் செயலிக்கும் இப்படித் திறந்துவிட்டால் மாலைக்குள் மின்கலம் தீர்ந்துவிடும். பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டம்) விடியற்காலையில் கிளம்புபவர்கள் தூங்கும் நேர ஒலியடக்கம் எப்போது முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. கிடைக்காதபோது அழைப்பு எங்கே போக வேண்டும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் தீம்பாருக்குள் சில பள்ளங்களில் எந்த சிம்மும் எட்டாது. அதற்கு அழைப்பைத் திருப்பிவிடும் வசதிதான் மருந்து. என் அனுபவத்தில் இந்த வழிகாட்டியில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இதுவே, ஆனால் யாரும் செய்வதில்லை.

கைப்பேசி எட்டாதபோது மட்டும் திருப்ப, **62* என்று அழுத்தி, +60இல் தொடங்கும் மாற்று எண்ணைச் சேர்த்து, # போட்டு அழைக்க வேண்டும். நிலையைப் பார்க்க *#62#, நீக்க ##62#. மணி அடித்தும் எடுக்காதபோது திருப்ப 62க்குப் பதில் 61. முதல் சிம் எட்டாவிட்டால் இரண்டாவது சிம்முக்கும், இரண்டாவது எட்டாவிட்டால் வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் போகும்படி வையுங்கள். ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றித் திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு சிம் போட்ட பல கைப்பேசிகளில் ஒன்றில் பேசும்போது மற்றது எட்டாமல் போகும் என்பதால், அந்த நேரத்திலும் இது கைகொடுக்கும்.

திருப்பிவிடப்பட்ட பகுதிக்கான கட்டணம் உங்கள் கணக்கில்தான் விழும். சில முன்கட்டணத் திட்டங்களில் இந்த வசதியே இருக்காது. ஏற்கெனவே குரலஞ்சலுக்குத் திருப்பிவைத்திருந்தால் மருத்துவமனை ஊழியர் இயந்திரத்திடம் பேசிவிட்டுப் போய்விடுவார், ஆகவே முதலில் *#62# போட்டுப் பாருங்கள். யாராவது தொலைபேசியில் அழைத்து, நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தவே வேண்டாம். உங்கள் அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்பி வங்கி எண்களைக் கறக்கும் மோசடி இது. அப்படி அழுத்திவிட்டிருந்தால் ##002# போட்டு எல்லாத் திருப்பலையும் ஒரேயடியாக நீக்குங்கள்.

8. வீட்டுக் கணினியை வெளியிலிருந்து எட்ட

இது எல்லாருக்கும் தேவைப்படாது. வீட்டில் இருக்கும் கணினியையோ சேமிப்புப் பெட்டியையோ வெளியிலிருந்து திறக்க வேண்டியவர்கள் முதலில் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 10இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரை இருந்தாலோ, உங்கள் வீடு பலரோடு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. 4ஜி ரவுட்டரில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

பொது முகவரி இருந்தால், கைப்பேசிக்கும் வீட்டுக்கும் நடுவே மறையாக்கப்பட்ட குழாய் அமைக்கும் வயர்கார்ட் என்ற மென்பொருள் போதும். கைப்பேசி வைஃபையிலிருந்து 4ஜிக்குத் தாவினாலும், புதிய முகவரியிலிருந்து அது அனுப்பும் முதல் பொட்டலத்தைச் சரிபார்த்து, வீட்டுப் பக்கம் தன் குறிப்பைத் தானே மாற்றிக்கொள்ளும். குழாய்க்குள் உங்கள் முகவரி மாறாது. நடுவே இருக்கும் ரவுட்டர்கள் அமைதியான தொடர்பை மறந்துவிடாமல் இருக்க, 25 விநாடிக்கு ஒரு முறை உயிர்த்துடிப்பு அனுப்பும்படி வையுங்கள். பொது முகவரி இல்லை என்றால் டெயில்ஸ்கேல் போன்ற சேவை நடுவே நின்று இணைத்துவைக்கும். தனிநபர் பயன்பாட்டுக்கு அதன் இலவசத் திட்டமே போதும். மொபைல் ஐபி என்று இதற்கெனவே வகுத்த நெறிமுறை ஒன்றும் உண்டு. ஆனால் கடையில் வாங்கும் கைப்பேசியின் அமைப்புகளில் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

9. நடந்து பார்த்து, பிறகு புகார்

எல்லாம் அமைத்த பிறகு ஒரு நாள் மாலை, வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் ஒருவரை உங்களுக்கு அழைக்கச் சொல்லி, பேசிக்கொண்டே சமையலறையிலிருந்து வாசல், கோயில் திடல், ஆபீஸ் என்று நடந்து பாருங்கள். எங்கே அறுகிறதோ அங்கே நின்று நேரத்தையும் சிக்னல் எண்ணையும் குறித்து, திரையைப் படம்பிடியுங்கள். பேச்சில்லாமல் ஒரு முறையும் நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் கைப்பேசியைப் பையில் வைத்துச் சில நிமிடம் கழித்து அழைக்கச் சொல்ல வேண்டும். தூங்கும் கைப்பேசிக்கும் பேசும் கைப்பேசிக்கும் நிலைமை ஒன்றாக இருக்காது.

புகாரை முதலில் உங்கள் நிறுவனத்திடம் கொடுத்துக் குறிப்பு எண் வாங்குங்கள். பதிவுப் பெயர், கைப்பேசி மாடல், *#06# போட்டால் வரும் கருவி எண், நிகழ்ந்த தேதி, நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். லயத்து வீட்டுக்குத் தெருப்பெயர் இல்லாததால், முகவரிக்குப் பதில் வரைபடச் செயலியிலிருந்து எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுங்கள்; பொறியாளர்கள் அதைத்தான் கேட்பார்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே குறிப்பு எண்ணோடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் புகார்ப் பிரிவை 1-800-188-030இல் அழைக்கலாம், இணையத்திலும் பதியலாம். நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, சரியாகிவிட்டது, புகாரை மூடலாமா என்று கேட்பார்கள். அப்போதே ஆமாம் என்று சொல்லாமல், மறுபடி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு எழுத்தில் பதில் அனுப்புவதாகச் சொல்லுங்கள்.